தும்பையைத் தேடிப் போகிறவர்களுக்கு

போன கார்த்திகையில் எங்கள் குடியிருப்பின் கீழ்வீட்டுத் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணா, தும்பைப்பூ மாதிரி இட்லின்னு போர்டு வச்சிருக்காங்களே, தும்பைப்பூன்னா மல்லிப்பூ சைஸ்ல இருக்குமா?" அவர் பைக்கை நிறுத்தியிருந்தது பக்கத்துக் காலி மனையின் ஓரத்தில். பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி மூன்று தும்பைச் செடிகள் பூத்து நின்றன. ஒரு பூவைப் பிடுங்கிக் கொடுத்து, அடிப்பக்கத்தை உறிஞ்சச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார், உறிஞ்சினார், அப்புறம் அந்த மூன்று செடியிலும் பூ மிச்சமில்லை.

இது அவரைப் போன்றவர்களுக்காக எழுதுவது. அதாவது தும்பை என்ற சொல்லை நூறு தடவை கேட்டிருந்தும் செடியைப் பார்த்தால் அடையாளம் தெரியாதவர்களுக்கு. மூலிகை வைத்தியம் கற்றுக்கொடுக்கும் கட்டுரை இல்லை, நான் வைத்தியனும் இல்லை. ஒரு மழைக்காலத்துக்குள் இந்தச் செடியைக் கண்டுபிடித்து, தொட்டுப் பழகி, சமைத்து, விதை எடுத்து வைக்கிற வரைக்கும் என்ன செய்யலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் செடியைப் பற்றி இரண்டு வார்த்தை. தும்பை ஓராண்டுச் செடி, இன்னும் சரியாகச் சொன்னால் ஒரு மழைக்காலச் செடி. மழையில் முளைத்து, பூத்து, விதையை உதிர்த்துவிட்டு, வெயில் ஏறியதும் காய்ந்துபோகும். யாரும் நட்டு வளர்ப்பதில்லை, தானாக வரும். தாவரவியலில் இதற்கு லியூக்கஸ் ஆஸ்பெரா என்று பெயர். லியூக்கஸ் என்பது வெள்ளையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, ஆஸ்பெரா என்றால் லத்தீனில் சொரசொரப்பு. பூ வெள்ளை, உடம்பு சொரசொரப்பு, அவ்வளவுதான், பெயர் வைத்தவர் அடையாளத்தையும் அதிலேயே எழுதிவிட்டார்.

எப்போது, எங்கே தேடுவது

ஆடி ஆவணியில் நல்ல மழை ஒன்று விழுந்தாலே சில இடங்களில் முளைத்துவிடும். ஆனால் தமிழ்நாட்டில் நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும்தான் சரியான காலம். தை பிறந்த பிறகு அடியிலிருந்து பழுக்க ஆரம்பிக்கும். சித்திரையில் தேடிக்கொண்டு போய்விட்டு "எங்கேயுமே இல்லை" என்று வருத்தப்படாதீர்கள், அப்போது அது மண்ணுக்குள் விதையாகக் கிடக்கும்.

இடம் என்று பார்த்தால் பெரிய காடு மலையெல்லாம் வேண்டாம். உழாமல் போட்ட தரிசு, மானாவாரிக் காட்டு வரப்பு, கண்மாய்க்கரையின் மேட்டுப்பக்கம், கோயில் பின்புறம், கல் நட்டுப் பிளாட் போட்டுவிட்டு யாரும் வீடு கட்டாத மனை. நன்றாக வெயில் விழவேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது, இது இரண்டும்தான் அதற்கு முக்கியம். மணல் கலந்த நிலமானாலும் கரிசலானாலும் வரும். நிழலில் தேடுவது வீண். எங்கள் பக்கம் விருதுநகர்க் கரிசலில் சோளக்கொல்லை ஓரமெல்லாம் இது நிற்கும். இப்போது நான் இருக்கும் வண்டலூர்ப் பக்கத்தில் காலி மனைகளை நம்பித்தான் என் பிழைப்பு ஓடுகிறது. ஒவ்வொரு வருஷமும் ஒரு மனை குறையும்.

காலையில் போங்கள். ஏழு எட்டு மணிக்கு வெயில் சாய்வாக விழும்போது வெள்ளைப்பூ தூரத்திலேயே தெரியும், தேனீயும் குட்டிப் பட்டாம்பூச்சிகளும் அந்த நேரத்தில் அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கும். பூச்சி எங்கே மொய்க்கிறது என்று பார்த்தே பாதித் தும்பையைக் கண்டுபிடித்துவிடலாம். கால்மூடிய செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள், கையில் ஒரு குச்சி இருக்கட்டும். மழைக்காலத்தில் பொந்துக்குள் தண்ணீர் போய்ப் பாம்பு வெளியில் வந்து கிடக்கும்.

கையால் அடையாளம் பார்ப்பது

போனில் படத்தைப் பார்த்துவிட்டுச் செடியைத் தேடுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். படத்தில் அளவு தெரியாது. தும்பைச் செடி அரை அடியிலிருந்து இரண்டு அடிவரை இருக்கும், பூ உங்கள் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதனால் விரலை நம்புங்கள்.

தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். உருளாது, கட்டம் கட்டமாகத் தட்டும். நான்கு பட்டை உள்ள தண்டு அது. துளசி, புதினா, கற்பூரவள்ளி எல்லாவற்றையும் சேர்த்த குடும்பத்தில் தும்பையும் ஒன்று, அந்தக் குடும்பத்துக்கே இது பொதுவான அடையாளம். இலைகள் ஒன்றுக்கொன்று எதிரெதிராக, ஒரு ஜோடி கிழக்கு மேற்கு என்றால் அடுத்த ஜோடி தெற்கு வடக்கு என்று மாறிமாறி இருக்கும். இலை ஒடுங்கி நீண்டு, நுனி கூர்மையில்லாமல், தடவினால் சொரசொரவென்று இருக்கும். கசக்கி முகர்ந்து பாருங்கள். துளசிபோல மணக்காது, பச்சையாக, கொஞ்சம் காட்டமாக, சளி பிடித்திருந்தால் மூக்கில் லேசாக ஏறுகிற மாதிரி ஒரு வாசம் வரும்.

இனிமேல்தான் பூ. தண்டைச் சுற்றி, இலை கிளம்பும் இடத்தில், பச்சை நிறத்தில் குட்டிக் குட்டிக் குழல்கள் ஒரு பந்துபோல நெருக்கமாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு குழலின் வாயும் சாய்வாக வெட்டினதுபோல இருக்கும், ஓரத்தில் சின்னச் சின்னப் பல். அந்தக் குழலுக்குள்ளிருந்து வெள்ளைப்பூ நாக்கை நீட்டிக்கொண்டு வெளியே வரும். நாக்கு என்று சும்மா சொல்லவில்லை. பூவுக்கு மேலுதடு, கீழுதடு என்று இரண்டு உண்டு. மேலுதடு சின்னது, குல்லா மாதிரி கவிழ்ந்து, அதன் முதுகில் பஞ்சுபோல வெள்ளை முடி அடர்ந்திருக்கும். கீழுதடு அகலமாக விரிந்து மூன்றாகப் பிரிந்திருக்கும், நடு மடல் மட்டும் பெரிது. தேனீ அந்த விரிந்த உதட்டில் வந்து உட்கார்ந்து தலையை உள்ளே விடும்போது மேலுதட்டுக்கு அடியில் இருக்கும் மகரந்தம் அதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஐந்து நிமிஷம் குனிந்து உட்கார்ந்தால் இதை நேரிலேயே பார்க்கலாம், லென்ஸ் வேண்டாம்.

கடைசிச் சோதனைதான் எனக்குப் பிடித்தது. பூவின் உதட்டைப் பிடித்து மெல்ல இழுங்கள். பச்சைக் குழல் செடியிலேயே தங்கிவிடும், பூ மட்டும் நீண்ட வெள்ளைக் காலோடு வழுக்கிக்கொண்டு கையில் வரும். அந்தக் காலின் நுனியை உதட்டில் வைத்து இழுத்தால் ஒரு துளி இனிப்பு. துளிகூட இல்லை, துளியின் கால்வாசி. அதற்கு முன்னால் பூவைக் கையில் ஒரு தட்டுத் தட்டிவிடுங்கள். உங்களுக்கு முன்னாலேயே எறும்பு வந்திருக்கும், எறும்போடு உறிஞ்சிய அனுபவம் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் உண்டு.

ஏமாற்றும் செடிகள்

நான் ஏமாந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன். பட்டணத்துக்கு வந்து பல வருஷம் கழித்து ஊருக்குப் போனபோது, எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு கட்டுச் செடியைப் பிடுங்கிக்கொண்டு போய் அத்தையிடம் கொடுத்தேன். அத்தை ஒரு கிளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, பூ தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டு இருக்கே, இது கவுந்த தும்பைடா, தும்பை எங்கடா கவுந்திருக்கும்?" என்றார். கவிழ்தும்பை என்று எழுதுவார்கள். பெயரில்தான் தும்பை, குடும்பமே வேறு. பூ வெளிர் நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும், மண்ணைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கும், இதழ் ஐந்தும் ஒரே அளவு, உதடு கிடையாது. அதற்கும் நாட்டு வைத்தியத்தில் தனி உபயோகம் சொல்வார்கள், ஆனால் துவையலுக்கு ஆகாது.

இன்னொன்று பேய்மிரட்டி. சில ஊர்களில் இதையும் பெருந்தும்பை என்று சொல்லிக் குழப்புவார்கள். ஆள் உயரம்கூட வளரும், இலை தடித்து வெல்வெட் துணிபோல இருக்கும், பூ ஊதா. பார்த்த உடனே வேறுபாடு தெரிந்துவிடும், பெயரை மட்டும் கேட்டு நம்பிவிடாதீர்கள்.

மூன்றாவது பார்த்தீனியம். தும்பைக்கும் இதற்கும் எந்த ஒற்றுமையும் இல்லை, இரண்டும் ஒரே காலி மனையில் வெள்ளையாகப் பூத்து நிற்கும் என்பதைத் தவிர. இலை கேரட் இலைபோலக் கிழிந்து கிழிந்து இருந்தால் கிட்டவே போகாதீர்கள், பலருக்கு அரிப்பும் தும்மலும் கொண்டுவரும். தும்பை பறிக்கப் போய்ப் பார்த்தீனியத்தில் கை உரசி இரண்டு நாள் சொறிந்துவிட்டுத் தும்பைமேல் பழி போட்டவர்கள் உண்டு.

உண்மையான தும்பையிலேயே பல வகை இருக்கிறது. இலங்கையில் இதன் நெருங்கிய உறவான முடித்தும்பையைச் சிங்களத்தில் கெட்ட தும்ப என்பார்கள், இலையை அரிந்து தேங்காய்ப்பூவோடு 'மல்லும்' என்ற கீரைக்கறி செய்வார்கள். யாழ்ப்பாணத்தார் வறை என்பார்களே, கிட்டத்தட்ட அதே பக்குவம். புதிதாகப் பழகுகிறவர்கள் வகை பிரிப்பதற்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பறிக்கும்போது

ஒரே விதிதான்: வேரோடு பிடுங்காதீர்கள். ஓராண்டுச் செடிக்கு அடுத்த வருஷம் என்பது விதை மட்டும்தான், வேரில் மறுபடி துளிர்க்காது. விதை விழுமுன்னே ஓரிடத்துச் செடியெல்லாம் போனால் அடுத்த மழைக்கு அங்கே ஒன்றுமிருக்காது. நுனியிலிருந்து நான்கு விரல் நீளம் கிள்ளுங்கள், பத்துச் செடி இருந்தால் மூன்றில் கிள்ளுங்கள். கிள்ளின இடத்துக்குக் கீழே பக்கக்கிளை வெடிக்கும், செடிக்கு நஷ்டமில்லை.

சாப்பிடப் பறிப்பதாக இருந்தால் இடத்தைப் பாருங்கள். சாலை ஓரம், சாக்கடை ஓரம், குப்பை எரித்த இடம் வேண்டாம். வயல் வரப்பு என்றால் அங்கே வேலை செய்கிறவர்களிடம் களைக்கொல்லி அடித்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இலை பச்சையாக இருக்கும்போதே மருந்து விழுந்திருக்கலாம், இரண்டு நாள் கழித்துத்தான் வாடும். தும்பை இன்று குறைந்ததற்கு வீட்டுமனையும் களைக்கொல்லியும்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். முன்பு களையெடுக்கிற பெண்கள் வரப்பில் இருந்த தும்பையை விட்டுவிட்டு உள்ளே இருந்ததை மட்டும் எடுப்பார்கள், போகும்போது மடியில் கொஞ்சம் கிள்ளிக்கொண்டு போவார்கள். ஸ்பிரேயருக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

சமையல்

தும்பை கசக்கும். இதை மறைத்துப் பேசுகிறவர்கள் சமைத்ததில்லை என்று அர்த்தம். நான் முதன்முதலில் செய்த துவையலை நானே தட்டோடு ஒதுக்கினேன், முற்றின இலையை முழுக் கைப்பிடி போட்டிருந்தேன். தளிரை மட்டும் எடுக்கவேண்டும், பூக்கத் தொடங்கும் முன்னாலுள்ள செடியானால் இன்னும் நல்லது.

நான்கு பேருக்கு ஒரு சின்னக் கைப்பிடி தளிர் போதும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள், இலையின் சொரசொரப்பில் மண் ஒட்டியிருக்கும். ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில் இரண்டு ஸ்பூன் உளுத்தம்பருப்பு, நான்கு மிளகாய் வற்றல், கொஞ்சம் பெருங்காயம் போட்டுச் சிவக்க வறுத்து எடுத்துவையுங்கள். அதே சட்டியில் பத்துச் சின்ன வெங்காயத்தையும் தளிரையும் போட்டு, பச்சை வாசம் போய் இலை நன்றாகச் சுருளும்வரை வதக்குங்கள். வழக்கமான துவையலுக்குப் போடும் புளியைவிடக் கொஞ்சம் கூடுதலாக, ஒரு பிடி தேங்காய்த் துருவல், உப்பு. அம்மி இருந்தால் அம்மி, இல்லாவிட்டால் மிக்சியில் கரகரப்பாக. சுடுசோறும் நல்லெண்ணெயும். கசப்பு இருக்கும், ஆனால் புளியும் தேங்காயும் அதைத் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போகும். அப்படியும் பயமாக இருந்தால் முருங்கைக்கீரையிலோ அரைக்கீரையிலோ ஒரு பங்கு தும்பை கலந்து பொரியல் செய்து தொடங்குங்கள்.

தெலங்கானாவில் விநாயகர் சதுர்த்தியன்று தும்மிக்கூர என்று இதைக் கட்டாயம் சமைப்பார்கள், அன்றைக்குச் சந்தையில் கட்டுக் கட்டாக விற்கும். தமிழ்நாட்டில் கீரைக்காரம்மாவிடம் கேட்டால் சிரிப்பார், ஆனால் முதல்நாளே சொல்லிவைத்தால் சிலர் கொண்டுவந்து கொடுப்பார்கள். பொடியாக விற்பதை வாங்கிவிடாதீர்கள். ஒரு கடையில் நான் வாங்கிய தும்பைப் பொடி பச்சையாக இருந்தது என்பதைத் தவிர அதற்கும் தும்பைக்கும் சம்பந்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆவி, எண்ணெய், புகை

சளி பிடித்தால் வேது பிடிப்பது, அதாவது ஆவி பிடிப்பது, தும்பையின் பழைய உபயோகங்களில் முதன்மையானது. ஒரு கைப்பிடி தும்பை, இலையும் பூவும் இளந்தண்டுமாக, ஒரு கைப்பிடி நொச்சி இலை, அரை ஸ்பூன் மஞ்சள்தூள். ஒன்றரை லிட்டர் தண்ணீரில் போட்டு மூடிக் கொதிக்கவைத்து, இறக்கித் தரையில் வைத்து, போர்வையால் மூடிக்கொண்டு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கவேண்டும். ஒரேயடியாகத் திறந்தால் முகம் வெந்துவிடும். சின்னப் பிள்ளைகளைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்கு முன்னால் போர்வைக்குள் உட்காரவைக்கவே வேண்டாம், காலால் ஒரு தட்டு தட்டினால் போதும். சளி இளகுவதில் பாதி வேலை வெறும் ஆவியே செய்துவிடுகிறது என்பது என் எண்ணம், மீதிப் பாதியை நொச்சியும் தும்பையும் பங்கிட்டுக்கொள்ளட்டும்.

தலைபாரத்துக்கு எண்ணெய் காய்ச்சுவார்கள். கால் லிட்டர் நல்லெண்ணெய்க்கு ஒரு கைப்பிடி பூ. பூவைத் துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்திவிட்டுப் போடவேண்டும். நான் கழுவின கையோடு அள்ளிப் போட்டு, அடுப்பைச் சுற்றி எண்ணெய் தெறித்து, சட்டையில் இன்னும் அந்தப் புள்ளிகள் இருக்கின்றன. சிறுதீயில் வைத்துக் காதைக் கொடுங்கள். சடசடவென்ற சத்தம் அடங்கி, பூ பழுப்பாகச் சுருங்கியதும் இறக்கி வடிகட்டுங்கள். ஆண்களுக்குப் புதன் சனி, பெண்களுக்குச் செவ்வாய் வெள்ளி என்று எண்ணெய்க் குளியலுக்கு நாள் வைத்திருக்கிறார்கள், உங்களுக்கு ஞாயிறுதான் லீவு என்றால் ஞாயிறு.

தை மாசியில் காய்ந்துபோன செடியை வீசாதீர்கள். மாலையில் தணலில் கொஞ்சம் போட்டால் எழும் புகைக்குக் கொசு ஒதுங்கும், மாட்டுத்தொழுவத்தில் இதைத்தான் செய்வார்கள். வேப்பிலையோடு சேர்த்துப் போடுவது வழக்கம். கதவு சாத்திய அறையில், அதுவும் ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில், வேண்டாம். சொறி சிரங்குக்கு இலைச்சாறு பூசிக் கொஞ்ச நேரம் வைத்துக் குளிப்பது இன்னும் கிராமங்களில் இருக்கிறது. பூசுவதாக இருந்தால் முன்கையில் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் பார்த்துவிட்டுப் பூசுங்கள்.

இங்கே கொஞ்சம் கறாராகப் பேசவேண்டியிருக்கிறது. பழைய வழக்கம் என்பதற்காக எல்லாவற்றையும் செய்யவேண்டியதில்லை. இலைச்சாற்றை மூக்கில் விடுவது, கண்ணில் விடுவது, பச்சைக் குழந்தைக்குப் புகட்டுவது, இவற்றை வாட்ஸ்அப்பில் படித்துவிட்டுச் செய்யாதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்களும், தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருந்தாக உள்ளுக்குச் சாப்பிடுமுன் படித்த சித்த மருத்துவரைக் கேட்கட்டும்.

அப்புறம் பாம்புக்கடி. தும்பைச்சாறு குடித்தால் விஷம் இறங்கும் என்று ஊருக்கு ஊர் சொல்வார்கள். கடித்த பாம்புகளில் பல விஷமில்லாதவை, விஷப்பாம்பும் சில சமயம் விஷத்தை இறக்காமல் வெறுமனே கடித்துவிட்டுப் போகும். அப்படிப் பிழைத்தவர்கள்தான் தும்பைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தார்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இந்த நான்கின் விஷத்துக்கும் மருத்துவமனையில் ஒரே முறிமருந்து இருக்கிறது, ஊசியாகப் போடுவார்கள். கட்டவும் வேண்டாம், கீறவும் வேண்டாம், கடிபட்ட கையையோ காலையோ ஆட்டாமல் 108க்கு அடியுங்கள். தும்பை தேடப் போகும் நேரத்தில் உயிர் போய்விடும். எங்கள் அத்தைக்குச் செடியைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. பக்கத்துக் காட்டில் ஒருவரைப் பாம்பு கடித்தபோது முதல் ஆளாக ஆட்டோ பிடிக்க ஓடியவரும் அவர்தான்.

சாமிக்கும் சண்டைக்கும்

சிவனுக்கு உகந்த பூ என்று தும்பையைச் சாத்துவார்கள், கர்நாடகத்தில் சிவராத்திரிக்கும் இதைத் தேடித் தேடிப் பறிப்பார்கள். கேரளத்தில் ஓணத்துப் பூக்கோலத்தில் மற்ற பூ எத்தனை இருந்தாலும் தும்பை இல்லாவிட்டால் நிறைவில்லை. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய தும்பா என்ற கடற்கரை ஊருக்கும் இந்தச் செடியின் பெயர்தான் என்று சொல்வார்கள்.

நீங்கள் மாலையாகத் தொடுக்க ஆசைப்பட்டால் ஒரு சிக்கல் உண்டு. பறித்த பூவில் காம்பே இருக்காது, அதனால் நாரில் கட்ட முடியாது. மெல்லிய ஊசியில் நூல் கோத்து, பூவின் குழல்காலில் ஏற்றவேண்டும். ஒரு சாண் சரத்துக்கே பூவும் பொறுமையும் எக்கச்சக்கமாகப் பிடிக்கும். வாழையிலைத் துண்டில் உதிரியாக வைத்துக் கொடுப்பதுதான் சுலபம், கோயிலிலும் வாங்கிக்கொள்வார்கள். மதியத்துக்குள் வாடிவிடும் என்பதால் காலைப் பூசைக்குத்தான் சரி.

சங்க காலத்தில் இரண்டு வேந்தர்கள் வலிமையைக் காட்ட ஒரே களத்தில் நேருக்கு நேர் மோதும் போருக்கே தும்பை என்று பெயர், வீரர்கள் இந்தப் பூவைச் சூடிப் போவார்கள். ஆநிரை கவர்வதற்கு வெட்சி, வெற்றிக்கு வாகை என்கிற வரிசையில் உச்சக்கட்டச் சண்டைக்கு இந்தக் குட்டிப்பூ. உதிர்த்த பூவைத் தலையில் வைத்துக்கொண்டு சண்டை போட முடியாது, நுனித்தண்டோடு பந்துபந்தாகச் செருகியிருப்பார்கள் என்பது என் ஊகம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய பூக்களிலும் தும்பை உண்டு, அதற்கு அடுத்தது துழாய், நம் துளசி. இரண்டும் ஒரே குடும்பம் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததோ, ஓசைக்காகத்தான் சேர்ந்ததோ, வாசிக்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம்.

சொல்லப்போனால் "தும்பை விட்டு வாலைப் பிடித்தான்" என்ற பழமொழியில் இருப்பது இந்தத் தும்பை இல்லை. அது தும்பு, மாட்டின் கழுத்துக் கயிறு. இது தெரியாமல் பழமொழிக்குச் செடிப் படம் போட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், நீங்களும் சேர்ந்துவிட வேண்டாம்.

விதை எடுத்துத் தொட்டியில் போடுவது

பூ உதிர்ந்த பச்சைக் குழல்களை அப்படியே விட்டுவையுங்கள். செடி பழுத்து அந்தப் பந்துகள் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும், பந்தைக் காகிதத்தின்மேல் கவிழ்த்துத் தட்டுங்கள். ஒவ்வொரு குழலுக்குள்ளும் நான்கு விதை இருக்கவேண்டும், சின்னது, பழுப்பு நிறம், வழவழப்பு. சிலவற்றில் ஒன்றிரண்டுதான் முற்றியிருக்கும். வாய் மேல்நோக்கி இருப்பதால் காற்று வேகமாக அடித்தால் விதை தெறித்துவிடும், அதனால் வெயிலேறி எல்லாம் உதிரும்வரை காத்திருக்காமல் பாதிப் பந்து காய்ந்ததும் எடுத்துவிடுங்கள். நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, காகிதப் பொட்டலத்தில் மடித்து, மேலே மாதத்தை எழுதிவையுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டால் ஈரம் கோத்துப் பூசணம் வரும்.

ஆடிமாதம் ஒரு அகலத் தொட்டியில் தோட்டமண்ணும் மணலும் பாதிப்பாதி, எரு கொஞ்சமே கொஞ்சம். உரம் கூடினால் இலை கொழுத்துப் பூ குறைகிறது, என் மாடியில் பார்த்தது. விதையைத் தூவி, மேலே ஒரு சிட்டிகை மண், அவ்வளவுதான். ஆழமாகப் புதைக்காதீர்கள். தண்ணீரைத் தெளித்தால் போதும், ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு அடித்துக்கொண்டு போய்விடும். முளைத்தவை நெருக்கமாக இருந்தால் ஒரு சாணுக்கு ஒன்று என்று விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளி அன்றைய கீரையில் போடுங்கள். மாடியில் மொத்த வெயிலும் விழும் இடமே அதற்குச் சரியான இடம். பூச்சிமருந்து எதுவும் அடிக்காதீர்கள், தேனீ வருவதற்குத்தானே வைத்திருக்கிறோம்.

கீழ்வீட்டுத் தம்பிக்கு அந்த மனையில் எடுத்த விதையில் ஒரு பொட்டலம் கொடுத்திருந்தேன். ஆடி வரைக்கும் பொறுக்கவில்லை, தையிலேயே தொட்டியில் போட்டுவிட்டார். முளைத்தது, தினமும் தண்ணீர் ஊற்றினார், நான்கு பூகூட வந்தது, போட்டோ எடுத்து அனுப்பினார். பங்குனியில் ஒருநாள் காலை கதவைத் தட்டி, முகம் தொங்கிப்போய், "அண்ணா, செத்துப்போச்சு, நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்" என்றார். போய்ப் பார்த்தேன். எந்தத் தப்பும் இல்லை, அதன் காலம் முடிந்திருந்தது. காய்ந்த செடியைப் பிடுங்காமல் அப்படியே ஒரு ஓரத்தில் வைக்கச் சொன்னேன். முந்தாநாள்தான் முதல் மழை பெய்தது. தொட்டியில் ஒன்றையும் காணோம், ஆனால் பக்கத்தில் அவர் அம்மா வைத்திருக்கும் துளசித் தொட்டியில், துளசிக்கு அடியில், இரண்டிரண்டு இலையாக ஏழெட்டு முளை. களை என்று அம்மா பிடுங்கப் போனதைத் தடுத்து நிறுத்திவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தாராம்.